துணைக்கு ஒரு டிக்கெட் இலவசம்

ஜூன் 14, சனி

காலை ஏழு மணிக்கு மெல்போர்னிலிருந்து பூங்கோதை போன் செய்தார். அவர் கணவர், என் மனைவி சுலோசனாவின் அண்ணன் குமரகுருவுக்குக் கணையத்தில் புற்றுநோய். மூன்று வாரமாகவே தெரியுமாம். எங்களிடம் சொல்ல வேண்டாம் என்று மச்சான்தான் தடுத்திருக்கிறார். டாக்டர் மாதக் கணக்கில்தான் பேசுகிறார், வருஷக் கணக்கில் பேசவில்லை என்றார் பூங்கோதை.

சுலோ அடுப்படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். தோசை கருகியது. நான்தான் போய் அடுப்பை அணைத்தேன்.

"நான் போகணுங்க" என்றாள்.

"போகாம என்ன? ரெண்டு பேருமே போவோம்" என்றேன்.

விசா கவலை இல்லை. மூன்று வருட விசா போன வருஷமே வாங்கி வைத்தது. டிக்கெட்தான் யோசிக்க வேண்டும். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக மெல்போர்ன், இரண்டு பேருக்கு. கார்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். இலவச டிக்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. நல்ல வேளை.

ஜூன் 15, ஞாயிறு

கதிரவனுக்கு பெங்களூருக்குப் போன் செய்து மாமாவைப் பற்றிச் சொன்னேன். கார்டைப் பற்றியும் சொன்னேன். மகனுக்கு நான் எத்தனை முறை விளக்கினாலும் ஏறுவதில்லை. விமானக் கம்பெனியும் பேங்கும் சேர்ந்து கொடுத்த கார்டு இது. வருடத்தில் எட்டு லட்சம் இதில் செலவழித்தால் துணைப் பயணி வவுச்சர் ஒன்று தருவார்கள். கார்டுக்காரர் ஒரு டிக்கெட் வாங்கினால் கூட வருபவருக்கு இன்னொன்று இலவசம், வரி மட்டும் கட்டினால் போதும். இரண்டு பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

"அப்பா, அந்தக் கார்டுல இப்ப ஒண்ணும் இல்லப்பா. சீட்டே குடுக்க மாட்டேங்கறான்னு எல்லாரும் சொல்றாங்க. அம்மாவுக்கு நான் டிக்கெட் போடறேன்."

"உங்க அம்மாவை எப்படி அனுப்பறதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவன் நான். உதவி செயற்பொறியாளராக ஓய்வு பெற்றேன். மகன் டிக்கெட் போட்டு அனுப்பும் நிலை இன்னும் வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

எதிர் வீட்டு சார்லஸ் வாஷிங் மெஷின் வாங்கப் போனார். கூடவே போய் என் கார்டில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டேன். அவர் மகள் காலேஜ் கட்டணத்தையும் அடுத்த மாதம் இதிலேயே கட்டலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வேகத்தில் போனால் ஆகஸ்ட் முதல் வாரம் எட்டு லட்சம் தாண்டிவிடும்.

சுலோ பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாள். சக்கரம் ஒன்று சிக்குகிறது. எண்ணெய் விட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

மோட்டார் பழுது. மெக்கானிக் வரவில்லை. நானே கழற்றிப் பார்த்தேன், கெப்பாசிட்டர் போயிருக்கிறது.

பூங்கோதையிடமிருந்து மெயில் வந்திருந்தது. மரியாதையாகவே பதில் எழுதிவிட்டேன். சுலோவிடம் சொல்லும் அளவுக்கு ஒன்றும் இல்லை.

ஜூலை 19, சனி

சுலோ தினமும் காலை பத்து மணிக்கு அண்ணனோடு வீடியோவில் பேசுகிறாள். அங்கே அப்போது பிற்பகல் இரண்டரை. மருந்து ஏற்றாத நாட்களில் எழுந்து உட்காருகிறார். இன்று நானும் எட்டிப் பார்த்து வணக்கம் சொன்னேன். ஆள் பாதியாகிவிட்டார். கன்னம் ஒட்டி, பல் மட்டும் பெரிதாகத் தெரிகிறது.

"என்ன மாப்பிள்ளை, எப்ப வர்றீங்க?" என்றார்.

"வவுச்சர் வந்ததும் கிளம்பறோம் மச்சான். அனேகமா அடுத்த மாசம்."

அவர் சிரித்தார். பிறகு சுலோவிடம் நாரத்தங்காய் ஊறுகாய் கொண்டுவர முடியுமா, அங்கே விமான நிலையத்தில் விடுவார்களா என்று கேட்டார். பேசி முடித்த பிறகு சுலோ வெகுநேரம் கைபேசியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணனால இப்ப ரெண்டு வாய்க்கு மேல சாப்பிட முடியலையாம்" என்றாள். "நான் மட்டும் முன்னாடி போறேனே. நீங்க பின்னாடி வாங்க."

"தனியா சிங்கப்பூர்ல இறங்கி வேற விமானம் மாறுவியா நீ? அந்த ஏர்போர்ட் எவ்வளவு பெரிசு தெரியுமா? ஒரு டெர்மினல்ல இருந்து இன்னொண்ணுக்கு ரயில்ல போகணும்."

"கேட்டுக் கேட்டுப் போவேன்."

"ரெண்டாவது, நீ தனியா போனா வவுச்சர் எதுக்கு? கார்டு என் பேர்ல இருக்கு. நான் இல்லாம உனக்கு அது செல்லாது."

கணக்கு டீச்சராக இருந்தவள். அவளுக்கே இது புரிய வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் செய்தாள். எனக்கு மட்டும் பரிமாறினாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எட்டு லட்சம் தாண்டியது. பேங்கைக் கூப்பிட்டேன். வவுச்சர் கணக்கில் ஏறப் பதினைந்து வேலை நாள் ஆகுமாம். ஞாயிறும் விடுமுறையும் சேராது. சுதந்திர தினம் நடுவில் வருகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கதிரவன் மறுபடி பேசினான். இந்த முறை கொஞ்சம் குரலை உயர்த்தினான்.

"அப்பா, உங்களுக்குப் பணமா பிரச்னை? பென்ஷன் வருது, அம்மா பென்ஷனும் உங்க கையிலதான் இருக்கு. ரெண்டு டிக்கெட் வாங்க உங்களால முடியாதா?"

முடியும். அது விஷயமில்லை.

இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் மெல்போர்ன் போனபோது இரண்டு டிக்கெட்டும் மச்சான் எடுத்து அனுப்பினார். நான் கேட்கவில்லை. அவர் வீட்டில் ஒரு விருந்து, பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் நம் ஊர்க்காரர்கள். நான் தட்டை வைத்துக்கொண்டு நிற்கிறேன். "எங்க மாப்பிள்ளையை நான்தான் வரவழைச்சேன். ஈ.பி. சம்பளத்துல அவரு எங்க இவ்வளவு தூரம் வர்றது?" என்று தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அன்போடு சொன்னதுதான் என்று சுலோ இன்றைக்கும் சொல்வாள். ஊர் திரும்பிய மாதமே இந்தக் கார்டுக்கு விண்ணப்பம் போட்டேன். இந்தப் பதின்மூன்று வருஷத்தில் இரண்டு வவுச்சர் வந்தன. இரண்டும் ஏதாவது ஒரு காரணத்தால் காலாவதியாகிவிட்டன. இந்த முறை என் டிக்கெட்டில் போய் அவர் வீட்டு வாசலில் இறங்குவேன்.

கதிரவனிடம் "பதினைஞ்சு நாள்தானே, பொறு" என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வவுச்சர் வந்துவிட்டது. காலை பதினொன்றரைக்கு மெயில். பச்சை எழுத்தில் என் பெயர், சிதம்பரநாதன் என்று எழுத்துப் பிழை இல்லாமல். சுலோவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"எந்தத் தேதிக்கு?"

அதுதான் சிக்கல். வவுச்சருக்கென்று ஒவ்வொரு விமானத்திலும் சில சீட்டுகள்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். செப்டம்பரில் ஒன்றும் இல்லை. அக்டோபரில் தேடித் தேடிப் பார்த்ததில் இருபத்தொன்றாம் தேதி, தீபாவளிக்கு மறுநாள், இரண்டு சீட் இருந்தது. உடனே போட்டுவிட்டேன். துணைப் பயணி என்ற இடத்தில் சுலோசனா என்று அடித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"அம்பது நாள் இருக்குங்க" என்றாள்.

"நாப்பத்தொம்பது."

செப்டம்பர் 12, வெள்ளி

அடுத்த ஜனவரி முதல் எட்டு லட்சம் போதாது, பன்னிரண்டு வேண்டும் என்று பேங்க் அறிவித்திருக்கிறது. கார்டுக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரே கூச்சல். இனி இந்த வவுச்சர் வைத்திருப்பதில் பிரயோஜனம் உண்டா என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்கிறார் ஒருவர். நான் என் அனுபவத்தை எழுதினேன். அவசரப்படாமல் காத்திருப்பவனுக்கு இன்னமும் லாபம்தான் என்று விளக்கினேன். முப்பத்தொரு பேர் கட்டை விரல் காட்டினார்கள்.

காஸ் சிலிண்டர் மாற்றினேன். சுலோ காலையில் பேசியபோது மச்சான் தூங்கிக்கொண்டிருந்தாராம். பூங்கோதை கைபேசியைத் தலையணை பக்கத்தில் சாய்த்து வைத்தாராம். அண்ணன் தூங்குவதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 25, வியாழன்

நாரத்தங்காய் ஊறுகாய் போட்டாள்.

அக்டோபர் 3, வெள்ளி

பூங்கோதை போன் செய்தார். மருந்தை நிறுத்திவிட்டார்களாம். வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் இனி. "சுலோ, முடிஞ்சா கொஞ்சம் சீக்கிரம் வாங்க" என்று சுலோவிடம் சொன்னாராம். சுலோ என்னிடம் வந்து அதையே சொன்னாள், அழாமல், வகுப்பில் வீட்டுப்பாடம் சொல்வது போல.

"பதினெட்டு நாள்தான். தாங்குவார். மச்சான் உடம்பு கெட்டியான உடம்பு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

காலை ஒன்பதரைக்கு மறுபடி அழைப்பு. மூச்சு மாறிவிட்டது, இன்றோ நாளையோ என்று நர்ஸ் சொல்கிறாராம்.

உடனே விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன். யாரும் நான் சும்மா இருந்தேன் என்று சொல்ல முடியாது. ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்து மேஜையில் வைத்தேன். முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொல்லி வீணை இசையே ஓடியது. சுலோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புடவை மாற்றித் தயாராகவே இருந்தாள்.

ஒரு பெண் வந்தாள். அபர்ணா என்று பெயர் சொன்னாள். எங்கள் டிக்கெட்டை இன்றைக்கு மாற்றித் தரச் சொன்னேன்.

"சார், உங்க டிக்கெட் வவுச்சர்ல போட்டது. அந்த வகை சீட் இருபத்தொண்ணாம் தேதி வரைக்கும் இல்ல சார்."

"மருத்துவ அவசரம்மா. மைத்துனர் சாகக் கிடக்கறார்."

"புரியுது சார். சாதா டிக்கெட்னா இருக்கு. இன்னைக்கு விமானத்துலேயே ரெண்டு சீட் காட்டுது. எடுத்துக்கறீங்களா?"

"அப்ப இந்த டிக்கெட் என்ன ஆகும்?"

"அதை நீங்க தனியா கேன்சல் பண்ணிக்கணும் சார்."

"வவுச்சர்?"

"அது நான் விசாரிச்சுத்தான் சொல்ல முடியும்."

சுலோ மேஜைமேல் கை வைத்தாள். "அந்த ரெண்டு சீட்டை வாங்குங்க" என்றாள்.

"இரு, பேசிட்டிருக்கேன்ல."

"ஒண்ணு வாங்குங்க. ஒண்ணு போதும்."

"சுலோ, விசாரிக்கறேன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. அஞ்சு நிமிஷம் பொறுத்தா ஒண்ணும் ஆயிடாது."

அபர்ணா லைனில் இருக்கச் சொன்னாள். மறுபடி வீணை. பிறகு இணைப்பு துண்டானது. மறுபடி போட்டேன். இந்த முறை ஒரு பையன் வந்தான், முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. மேலதிகாரியிடம் கொடு என்றேன். மேலதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார் என்றான். அவர் வந்து பேசியபோது மணி மூன்று. சிறப்பு அனுமதிக்கு டாக்டர் கடிதத்தோடு மெயில் போடச் சொன்னார். இருபத்து நாலு மணி நேரத்தில் பதில் வரும் என்றார். மெயில் முகவரியை எழுதிக்கொண்டிருந்தேன்.

மூன்றே காலுக்குச் சுலோவின் கைபேசி அடித்தது. அவள் எடுக்கவில்லை. யார் என்று பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினாள். நான்தான் எடுத்தேன்.

காலையிலேயே அந்த இரண்டு சீட்டை வாங்கியிருந்தாலும் அந்த விமானம் திருச்சியை விட்டு எழும்புவதற்கு முன்பே அவர் போய்விட்டார். இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். நான் எதை வாங்கியிருந்தாலும் அவள் அவரைப் பார்த்திருக்க முடியாது.

அக்டோபர் 8, புதன்

மேலே எழுதியதைச் சுலோவிடம் சொன்னேன். "நேத்து வாங்கியிருந்தா பாத்திருக்க முடியாது" என்றாள். "சரிதான். நேத்துன்னு மட்டும் கணக்குப் போட்டா நீங்க சொல்றது சரிதான்."

அக்டோபர் 10, வெள்ளி

இறுதிச் சடங்கை வீடியோவில் பார்த்தோம். லேப்டாப்பைக் கூடத்து மேஜையில் வைத்தேன். கதிரவன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். அங்கே கறுப்புக் கோட்டு போட்டவர்கள் பெட்டியைத் தூக்கிவந்து வைத்தார்கள். சுலோ தரையில் உட்கார்ந்து பார்த்தாள். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. நடுவில் இணைப்பு நின்று படம் அப்படியே உறைந்துவிட்டது. நான் மோடத்தை அணைத்துப் போட்டேன். மறுபடி வந்தபோது முடிந்திருந்தது. எல்லோரும் வெளியே புல்தரையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் 11, சனி

"இருபத்தொண்ணாம் தேதி டிக்கெட் இருக்கே, போய்த் துக்கம் கேட்டுட்டு வரலாம். பூங்கோதைக்கும் ஆறுதலா இருக்கும்" என்றேன். நியாயமான யோசனைதான். பதினாறாம் நாளுக்குள்ளேயே போய்ச் சேரலாம்.

சுலோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"என் பாஸ்போர்ட்டைக் குடுங்க."

"எதுக்கு? டிக்கெட் என்கிட்டதானே இருக்கு."

"கதிரவன் எனக்கு டிக்கெட் போட்டுட்டான். திங்கக்கிழமை போறேன். அவன் காசு இல்ல, பேங்குக்குப் போயி என் பென்ஷன்ல எடுத்துக் குடுத்தேன்."

"அப்ப துணை டிக்கெட்?"

கதிரவன் உள்ளே இருந்து வந்து கதவோரம் நின்றான். இரண்டு பேரும் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. நாற்பது வருஷத்தில் அவள் எதையும் என்னிடம் கேட்காமல் செய்ததில்லை.

"உங்க கூட நான் வரலைங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பால்காரரிடம் நாளைக்கு வேண்டாம் என்று சொல்வது போலச் சொன்னாள்.

பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். பீரோ சாவி அரைஞாண் கயிறு போல எப்போதும் என் இடுப்பிலேயே இருக்கும் என்று கதிரவன் சின்ன வயதில் கேலி செய்வான். இன்று கேலி செய்யவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

கே.கே. நகரிலிருந்து ஏர்போர்ட் பத்து நிமிஷம். நான்தான் காரை ஓட்டினேன். வாசலில் காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் கை நீட்டினார்.

"நீங்களும் பயணியா சார்?"

"இல்ல, நான் மட்டும்" என்றாள் சுலோ.

சிங்கப்பூரில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து கொண்டுபோயிருந்தேன். வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

போய்ச் சேர்ந்துவிட்டாளாம். கதிரவனுக்குத்தான் தகவல் வந்தது. அவன் எனக்குச் சொன்னான். சிங்கப்பூரில் ஒரு சிரமமும் இல்லையாம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. துக்கம் என்பதால் ஒன்றும் செய்யவில்லை. சார்லஸ் வீட்டிலிருந்து பிரியாணி கொடுத்தனுப்பினார்கள்.

இருபத்தொன்றாம் தேதி டிக்கெட் இரண்டையும் கேன்சல் செய்தேன். நான் மட்டும் போயிருக்கலாம். போய் அந்த வாசலில் இறங்கி யாரிடம் என்ன சொல்வது? வவுச்சர் மறுபடி கணக்கில் ஏறிவிட்டது. அடுத்த ஆகஸ்ட் வரை செல்லும். அந்த மேலதிகாரி அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

அக்டோபர் 29, புதன்

சுலோ முதல் முறையாக எனக்குப் போன் செய்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

"ஜூலையில அண்ணி உங்களுக்கு மெயில் போட்டாங்களா?"

"போட்டிருப்பாங்க. நிறைய மெயில் வரும்."

"எனக்கு ஜூலை இருபதாம் தேதிக்கு ஒரு டிக்கெட் பிடிச்சு வெச்சிருக்கோம், ரெண்டு நாளைக்குள்ள பாஸ்போர்ட் நகலை அனுப்புங்கன்னு போட்டாங்களாம். நீங்க பதில் எழுதியிருக்கீங்க. இப்ப என் முன்னாடி இருக்கு. படிக்கட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் படித்தாள். "'தங்கள் உதவிக்கு நன்றி. எங்களுக்கு டிக்கெட் ஏற்பாடாகிவிட்டது. என் மனைவியை அழைத்து வர எனக்குத் தெரியும்.'"

அங்கே ஏதோ பறவை கத்திக்கொண்டிருந்தது. அது நிற்கும் வரை காத்திருந்தேன்.

"அப்ப டிக்கெட் ஏற்பாடாகலையேங்க. ஆகஸ்ட்லதானே எட்டு லட்சமே வந்துச்சு."

"ஆகிடும்னு தெரியும். அந்த அர்த்தத்துல எழுதினேன்."

"ஜூலையில மருந்து ஏத்தாத நாள்ல அண்ணன் நடந்திட்டு இருந்தாராம். சாயங்காலம் கடற்கரைக்குக் கூடப் போவாராம். சுலோ வந்தா அங்க கூட்டிட்டுப் போகணும்னு சொல்லுவாராம்." அவள் குரல் ஒரே சீராக இருந்தது. "இந்த மெயிலைப் பாத்துட்டு அண்ணன் என்ன சொன்னாரு தெரியுமா? இதை சுலோகிட்ட சொல்லாதே, அவ வீட்டுல சண்டை வந்துடும்னு சொன்னாராம். தெனம் என்கூட பத்து மணிக்குப் பேசினாரே, ஒரு நாளாவது வாயைத் திறந்தாரா?"

"சுலோ, அவங்க என்னைக் கேக்காம டிக்கெட்..."

"வெச்சுடறேன்."

அந்த மெயிலை எடுத்து மறுபடி படித்தேன். 'தெரியும்' என்ற இடத்தில் 'முடியும்' என்று எழுதியிருக்கலாம். கொஞ்சம் கடுமையாகத்தான் விழுந்திருக்கிறது. ஆனால் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்தேன். வார்த்தையைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

ஜூலை இருபதிலிருந்து அக்டோபர் ஏழு வரை எழுபத்தொன்பது நாள்.

நவம்பர் 5, புதன்

பென்ஷன் அலுவலகத்துக்குப் போய் உயிரோடு இருப்பதற்குச் சான்றாகக் கைரேகை வைத்துவிட்டு வந்தேன். விரல் தேய்ந்திருக்கிறதாம், மூன்று முறை வைக்க வேண்டியிருந்தது. சுலோவும் இந்த மாதம் வைக்க வேண்டும். நினைவுபடுத்திச் செய்தி அனுப்பினேன். அங்கிருந்தே தூதரகம் வழியாக அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டதாகக் கதிரவன் மூலம் பதில் வந்தது.

அலுவலகத்தில் ஓய்வுபெற்றோர் சங்கச் செயலாளர் வைத்தியலிங்கத்தைப் பார்த்தேன். இந்த மாதக் கூட்டத்தில் துணைப் பயணி வவுச்சரைப் பற்றி நான் பேச வேண்டுமாம். "நிறைய பேர் பிள்ளைங்களைப் பாக்க வெளிநாடு போறாங்க. இன்னும் அதை வாங்கறதுல லாபம் உண்டான்னு கேக்கறாங்க. உங்களை விட்டா யாருக்கு சார் தெரியும்?" என்றார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சரி என்றேன்.

நவம்பர் 11, செவ்வாய்

கதிரவன் பேசினான். அம்மா ஜனவரியில் திரும்புகிறாள், நேராகப் பெங்களூரில் இறங்குகிறாள் என்றான். எவ்வளவு நாள் அங்கே இருப்பாள் என்று கேட்டேன்.

"அவங்க ரூமை ரெடி பண்ணச் சொல்லியிருக்காங்கப்பா" என்றான்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"ரத்த அழுத்த மாத்திரை தீந்திருக்கும், வாங்கிக்கச் சொல்லுன்னாங்க."

வாங்கினேன். தீர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

கூட்டம் தில்லை நகரில், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். எழுபது பேர் இருக்கும். எட்டு லட்சம், பன்னிரண்டு லட்சம், வருடக் கட்டணம், ஒதுக்கீட்டுச் சீட், காலாவதி என்று எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். நன்றாகவே பேசினேன். யாரும் எழுந்து போகவில்லை.

கடைசியில் ரெஜினா மேரி எழுந்தார். கணக்குப் பிரிவில் இருந்தவர், ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. துபாயில் மகள் இருக்கிறாள்.

"சார், கணக்கெல்லாம் புரிஞ்சுது. நீங்க உங்க வீட்டம்மாவோட அதுல போயிருக்கீங்கதானே? எப்படி இருந்துச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"போனோம். மெல்போர்ன். தீபாவளிக்கு மறுநாள்" என்றேன்.

"ஒரு டிக்கெட் விலையில ரெண்டு பேரா?"

"ஆமா."

"மேடத்தை இன்னைக்கு அழைச்சிட்டு வந்திருக்கலாமே சார்" என்றார் வைத்தியலிங்கம் மைக்கில்.

"அவங்க அங்கதான் இருக்காங்க. அண்ணன் வீட்டுல. மச்சானுக்கு உடம்பு சரியில்ல. தங்கச்சி பக்கத்துல இருந்தா அவருக்குத் தெம்பா இருக்கும்னு விட்டுட்டு வந்தேன்."

எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. சுண்ணக்கட்டி கையில் இருந்தது.

ரெஜினா மேரி இன்னும் உட்காரவில்லை. நல்ல மனுஷி. உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

"இப்ப எப்படி இருக்கார் சார், மச்சான்?"

"பரவாயில்ல" என்றேன். "எழுந்து உக்காந்து சாப்பிடறார். சாயங்காலம் ரெண்டு பேரும் கடற்கரைக்குப் போறாங்க."

கை தட்டினார்கள். ஒன்பது பேர் கார்டுக்கு விண்ணப்பப் படிவம் வாங்கிக்கொண்டு போனார்கள்.